பனியில் எடுத்த ஏழு படங்கள்

இடதுகரை,
முத்தையன்கட்டு,
ஒட்டுசுட்டான்.
17.09.2000

அன்பு மகன் கிருசாந்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா, தேனுகா, நான் மூவரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் துணை நிற்க வேண்டும். மனதளவிலும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்ற முடிவோடு இருப்பதால் அதை விட்டுவிட்டேன். சிறுபோகம் வெட்டிச் சூடு அடித்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. குளத்தில் தண்ணீர் குறைவு என்று மூன்றில் ஒரு பங்கு வயலுக்குத்தான் இந்த முறை வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள், அதற்குள் நாங்களும் அகப்பட்டது பெரிய காரியம். தேனுகா வருகிற வருடம் உயர்தரப் பரீட்சை எழுத வேண்டும், படிக்கிறாயா என்று கேட்டால் முகத்தைத் திருப்புகிறாள். அம்மாவின் முழங்கால் நோ முன்னையைவிடப் பரவாயில்லை. அம்மா என்னோடு பேசி இன்றைக்கு இருபத்தாறு நாள். சோறு போட்டிருக்கிறது என்பதைக்கூட, நான் முன்னால் நிற்கும்போதே, "கொப்பரிட்டச் சொல்லு, சோறு போட்டிருக்கெண்டு" என்று தேனுகாவிடம்தான் சொல்கிறாள். அவளும் இரண்டு அடி நடந்து வந்து அதை எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். இதை வாசித்துச் சிரிக்காதே. அம்மாவில் பிழை ஒன்றும் இல்லை.

பிழை என்னுடையது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பங்குனி மாதம் உன் கடிதம் கிடைத்ததென்றும், உறை பிரிந்து வந்ததென்றும், முதல் தாளைத் தவிர மற்றத் தாள்களும் படங்களும் உள்ளே இல்லை என்றும் உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா. அது பொய். உன் கடிதம் நீ ஒட்டிய பசை விடாமல் வந்து சேர்ந்தது. நாலு தாளும் இருந்தன, ஏழு படங்களும் இருந்தன. இங்கே தபால் பிந்தி வருவதும் பிரிந்து வருவதும் வழமை என்பதால் நீ சந்தேகப்பட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். உனக்குச் சின்ன வயதில் ஒரு பொய்க்காகப் பூவரசம் தடியால் அடித்தவன் நான்.

ஒட்டுசுட்டான் தபால்கந்தோரில் கடிதத்தை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமை இல்லாமல், வெளியே மருதமரத்தின் கீழ் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்து வாசித்தேன். உன் வேலைத்தலம் நத்தாருக்கும் புதுவருடத்துக்குமாகப் பத்து நாள் பூட்டியதையும், விடிய இருட்டோடு ரயில் ஏறி ஒவ்வொரு நகரமாக இறங்கிப் பார்த்ததையும் நீ எழுதியிருந்தது பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் இருந்தது. மழை வந்தாலும் நனையாமல் ஊர் முழுக்க நடக்கலாம் என்று நீ எழுதிய பேர்ன் நகரத்துக் கடைத்தெருவை எனக்கு இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. எங்கள் காட்டில் கரடியைக் கண்டால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம், அங்கே அதைப் பள்ளத்துக்குள் விட்டுக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள் என்று வாசித்தபோது அந்த மரத்தடியில் தனியே இருந்து சிரித்தேன். குளம் கல்லாய் உறைந்து, சனம் அதற்கு மேலே சறுக்கி விளையாடுகிறது என்று எழுதியதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இந்தக் குளத்தை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். அது வற்றிப் பார்த்திருக்கிறேன், நிரம்பி வான் பாய்ந்து பார்த்திருக்கிறேன், மேலே ஆள் நடந்து பார்த்ததில்லை. அந்தப் பனிக்காலத்தில் அவர்கள் மாடுகளை எங்கே கட்டுகிறார்கள், வைக்கோலுக்கு என்ன செய்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. அடுத்த முறை கேட்டு எழுது.

பிறகு படங்களை எடுத்தேன். நீ இங்கிருந்து போய் ஆறு வருடம். போகும்போது கன்னம் ஒட்டி, கண் பள்ளத்தில் போய், ஒரு பழைய சேட்டோடு போனவன். படத்தில் நீ முழங்கால் அளவு பனியில் நிற்கிறாய், காது மூடிய தொப்பி போட்டிருக்கிறாய், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். ஒரு படத்தில் சறுக்குப் பலகை கவிழ்ந்து மூஞ்சை முழுக்கப் பனியோடு இருக்கிறாய். ஒரு தகப்பனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் சொல்லு. நீ வாய் திறந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது எந்த வருடம் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் நான் உன் சிரிப்பைப் பார்க்கவில்லை மகனே. ஏழு படத்திலும் உன் பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றாள், நான் அதைத்தான் பார்த்தேன். கவிழ்ந்த பலகையில் உனக்குப் பின்னால் இருந்தவளும் அவள்தான். மரத்தால் கட்டிய பழைய பாலத்தில் உன்னோடு நின்றவளும், சூறிச் ஸ்டேசனுக்கு முன்னால் தாள் சுருளுக்குள் ஏதோ சுட்ட கொட்டையை வைத்து உனக்கு நீட்டுபவளும் அவள்தான். மூன்றாவது தாளில் நீ எல்லாம் எழுதியிருந்தாய். அளம்பிலில் கடற்தொழில் செய்யும் மத்தேயு என்பவரின் மகள் என்றும், தமையனோடு வந்து அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள் என்றும், "படத்தைப் பார்த்து உங்கட மனதில பட்டதை எழுதுங்கோ அப்பா, உங்கட பதில் வந்த பிறகுதான் நாங்கள் மேற்கொண்டு கதைப்பம்" என்றும் எழுதியிருந்தாய். இவ்வளவு மரியாதையாக ஒரு பிள்ளை தகப்பனைக் கேட்க முடியாது.

எனக்கு என்ன மனதில் பட்டது என்று இப்போது எழுதுகிறேன். வேதக்காரர், கடற்கரை ஆட்கள், அவர்கள் வேறு நாங்கள் வேறு. அவ்வளவுதான் பட்டது. நாங்கள் மிருசுவிலில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். வரும்போது நான் கொண்டுவந்தது இரண்டு மண்வெட்டியும் ஒரு கோடரியும் இந்தப் பெருமையும்தான். மண்வெட்டியும் கோடரியும் எப்போதோ தேய்ந்து போய்விட்டன.

வீட்டுக்குப் போகவில்லை, நேரே வயல் கொட்டிலுக்குப் போனேன். அங்கே சவரம் எடுக்க வைத்திருந்த பிளேட்டை எடுத்து, பலகையில் வைத்து, அந்தப் பிள்ளையை உன்னிடமிருந்து வெட்டினேன். ஏழில் இரண்டில்தான் வெட்ட முடிந்தது. மற்ற ஐந்திலும் நீங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றபடியால் அவளை எடுத்தால் உன் முகமும் போகும். வெட்டிய இரண்டிலும் அவளோடு சேர்ந்து பாலமும் போய்விட்டது, உறைந்த குளத்தில் பாதியும் போய்விட்டது, நீ மட்டும் எங்கே நிற்கிறாய் என்று தெரியாமல் வெள்ளையில் நின்றாய். ஒன்றில் அவளுடைய நீலக் கையுறை போட்ட கை உன் கையைப் பிடித்திருந்தது, அதை எடுத்தால் உன் சட்டைக் கை போய்விடும் என்று விட்டுவிட்டேன். மிச்ச ஐந்து படத்தையும் வெட்டிய துண்டுகளையும் கொட்டிலடியில் குப்பை எரிக்கிற இடத்தில் போட்டு எரித்தேன். பனியில் விழுந்து நீ சிரித்த சிரிப்பும் சேர்ந்துதான் எரிந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பெரிய அலுவல் ஒன்றை முடித்தவன்போல் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கும் தேனுகாவுக்கும் இரண்டு படம் வந்தது என்று சொன்னேன். உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், மூன்றாவது தாள் வந்ததும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாலாவதுக்குப் போனேன். இரண்டு பேரும் கரடிக் கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. தேனுகா கை தெரிகிற படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விறாந்தைச் சுவரில் மாட்டினாள். அந்தக் கை யாருடையது என்று கேட்டாள், உன்னோடு வேலை செய்யும் பொடியனின் கை என்று சொன்னேன். மற்றப் படத்தை உன் சாதகக் குறிப்போடு வைத்து, வலதுகரைச் சிவராசா, உனக்குத் தெரியும், டிராக்டர் வைத்திருந்தவர், அவருடைய மகள் பத்மாசனிக்குப் பார்ப்பதற்காகக் கொடுத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொருந்தி வந்தபிறகு எழுதினால் நீ தட்ட மாட்டாய் என்று ஒரு கணக்கு. பொய் ஒன்றோடு நிற்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள்போல் இருக்கிறது.

இனி நடந்ததைக் கேள். போன மாதம் இருபத்திரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். சிவராசா வந்து கதிரையில் இருந்து, சாதகம் நல்ல பொருத்தம் என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். படலையடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. என் வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் இறங்கினார், கரியரில் இருந்து ஒரு பெண் இறங்கினா, கையில் குடையும் ஒரு துணிப்பையும். வெயிலில் இருவர் முகமும் கறுத்து வேர்த்திருந்தது. அந்த மனிதர் சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றுகொண்டார். அவா படியில் ஏறி, சுவரில் இருந்த உன் படத்தைக் கண்டதும் அதற்குக் கிட்டப் போய்ச் சிரித்த முகமாக, "இது எங்களிட்ட இருக்கிற அந்தப் படமெல்லோ, உங்களுக்கு ஒண்டும் வந்து சேரேல்லையெண்டு தம்பி சொன்னதெண்டுதானே நாங்கள்..." என்று தொடங்கினா. பிறகு அந்த நீலக் கையுறையைக் கண்டா. பிறகு அந்தக் கைக்குப் பக்கத்தில் நேராக வெட்டியிருந்த ஓரத்தைக் கண்டா. கதை பாதியில் நின்றுவிட்டது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இவா நீ எழுதிய பிள்ளையின் தாய் மார்கிறட், முற்றத்தில் நிற்பவர் தகப்பன் மத்தேயு. படங்கள் தொலைந்துவிட்டன என்று நான் உனக்கு எழுதிய பொய்யை நீ அந்தப் பிள்ளையிடம் சொல்லி, அவள் தாய் தகப்பனுக்கு எழுதி, பாவம் பெற்றவர்கள் மகனின் படத்தைக் காணாமல் இருப்பார்கள் என்று தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அளம்பிலில் இருந்து இருபது மைல் கட்டைக்கு மேல், ஒரு சைக்கிளில், இரண்டு பேர்.

சிவராசா கோப்பையை வைத்துவிட்டு, "ஆர் மயில்வாகனம் இவை?" என்று கேட்டார். துணிப்பையில் இருந்து கருவாட்டு மணம் வந்துகொண்டிருந்தது. நான் வாய் திறந்தேன், "அளம்பில் பக்கத்து ஆக்கள், கருவாடு விக்க வாறவை" என்று வந்தது. மகனே, ஒருவரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மார்கிறட் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தா. நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவா சிவராசாவின் பக்கம் திரும்பி, "ஓம் அண்ணை, சீலாக் கருவாடு, நல்லாய்க் காய்ஞ்சது" என்றா. எங்கள் வீட்டுக்கென்று கட்டிக்கொண்டு வந்த பொதியைப் படியில் வைத்து அவிழ்த்தா. சிவராசா சும்மா இருக்காமல், "எனக்கும் ரெண்டு துண்டு தா பிள்ளை, என்ன விலை?" என்றார். "முதல் முதல் இந்தப் பக்கம் கொண்டந்தனாங்கள், இண்டைக்குக் காசு வேண்டாம் அண்ணை, ருசியாய் இருந்தால் பிறகு பாப்பம்" என்று சொல்லி, இரண்டு துண்டைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தா. என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுசி என் வீட்டுப் படியில் கருவாட்டுக்காரியாக நின்றா. மத்தேயு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவரை இருங்கோ என்று நான் சொல்லவில்லை. சைக்கிளின் மணியைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றார், அடிக்கவில்லை.

குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி மார்கிறட் குசினிப் பக்கமாகச் சுற்றிப் போனா. அங்கே அம்மாவின் கையில் ஒரு உறையைக் கொடுத்து, தாங்கள் யார் என்றும் சொல்லி, "ஆக்கள் போனபிறகு பாருங்கோ அக்கா, அண்ணையோட ஒண்டும் கதைக்க வேண்டாம், அவருக்கு ஏதோ இக்கட்டாக்கும்" என்று சொன்னாவாம். அம்மா திகைத்துப்போய் இருங்கோ என்று சொல்வதற்குள், வெயில் ஏற முந்திப் போக வேண்டும் என்று போய்விட்டார்கள். வெயில் ஏறி எவ்வளவோ நேரம்.

சிவராசா போனபிறகு அம்மா வந்து, அந்த உறையில் இருந்த ஏழு படங்களையும் மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றி, நான் வெட்டிய படத்தை எடுத்து, அதன் முழுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்கட கையாலயோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதுதான் அவள் என்னிடம் நேரே கேட்ட கடைசிக் கேள்வி. அடுத்த நாள் அந்தக் கருவாட்டைக் குழம்பு வைத்து, தேனுகாவுக்கும் போடாமல், தானும் எடுக்காமல், என் சோற்றுக் கோப்பையில் மட்டும் போட்டாள். குசினி வாசலில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.

மூன்றாம் நாள் சிவராசா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய் உன் குறிப்பையும் படத்தையும் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, தன் மகளைத் தான் கடையில் வைத்து விற்கவில்லை என்று சொன்னார். நியாயம்தான். பத்மாசனி வாசலடியில் நின்று, "நான் இந்தப் படத்தைக் கண்ட அண்டைக்கே சொன்னனான் மாமா, பக்கத்தில ஆரையோ வெட்டியிருக்கெண்டு, அப்பா கேக்கேல்லை" என்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு மனம் இருக்கிறது, அதையும் நான் யோசிக்கவில்லை என்று அப்போதுதான் பட்டது. இப்போது சிவராசா என்னைக் கண்டால் வரம்பை மாறிப் போகிறார்.

அதற்குப் பிறகும் அளம்பிலுக்குப் போக எனக்குப் பத்து நாள் எடுத்தது. சைக்கிள் ரியூப் சரியில்லை, கால் நோகிறது, நெல் காய வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம். கடைசியில் அம்மா ஒரு நாள் விடிய, புது அரிசி ஒரு மூட்டை கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துவிட்டு, "கொப்பரிட்டச் சொல்லு, வழி தெரியாட்டில் கேட்டுப் போகச் சொல்லி" என்றாள். அந்த ஏழு படங்களையும் உறையோடு சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கோயிலடியில் விசாரித்தபோது மத்தேயுவைக் கடற்கரையில் பார்க்கச் சொன்னார்கள். வலையைப் பரப்பிப் பிய்ந்த இடம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த மரக்கட்டையைக் காலால் என் பக்கம் தள்ளி, "இருங்கோ" என்றார். நான் அவருக்குச் சொல்லாத வார்த்தை அது. மார்கிறட்டும் வந்து மணலில் இருந்தா. நான் ஒரு வழியாக மன்னிப்புக் கேட்டேன். படங்கள் இருந்த உறையையும் நீட்டி, உங்களுக்கென்று வேறு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லை, இந்த ஒரு செற்தான். பிள்ளையிட்டத் திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறம். உங்களிட்டத்தானே ஒண்டும் இல்லையெண்டு கதை" என்றா மார்கிறட்.

மத்தேயு வலையில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார், "கருவாடு விக்கிறவை எண்டு சொன்னதில எனக்கு மனவருத்தம் இல்லை அண்ணை, நாங்கள் விக்கிறனாங்கள்தானே. பிள்ளையை ஏன் வெட்டினனீங்கள்?" பிறகு கேட்டார், "வெட்டின துண்டுகள் எங்க? அதையாவது தாங்கோ." எரித்துவிட்டேன் என்று சொன்னேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்தை நெருப்பில் போடுவது எங்கள் பக்கத்திலும் ஆகாத காரியம், அவர்கள் பக்கத்திலும் ஆகாத காரியம். கொட்டிலில் வைத்து அதை நான் நினைக்கவில்லை, அந்த மணலில் இருந்து என் வாயால் சொன்னபோதுதான் நான் செய்தது என்ன என்று எனக்கே கேட்டது. மார்கிறட் நெஞ்சில் சிலுவை போட்டா. எங்கள் வீட்டுப் படியில் அவ்வளவுக்கும் அழாத மனுசி அங்கே இருந்து அழுதா. மகளைக் கண்டு ஐந்து வருடம் என்று சொல்லிச் சொல்லி அழுதா. பிறகு கண்ணைத் துடைத்து, நான் நீட்டிய உறையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இது இஞ்சயே இருக்கட்டும் அண்ணை" என்றா. உன் முகமும் அதோடு அவர்களிடமே நின்றுவிட்டது. அரிசியை வாங்கினார்கள், மீன் குழம்போடு சோறு தந்தார்கள், கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. வெளிக்கிடும்போது மத்தேயு என் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கை வரைக்கும் வந்து சொன்னார், "பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. நாங்கள் எழுத மாட்டம். நீங்கள்தான் எழுத வேணும், எரிச்சதையும் எழுத வேணும். எழுதினபிறகு அவள் ஓமெண்டால் எங்களுக்கும் ஓம், அவள் வேண்டாமெண்டால் நாங்கள் வில்லங்கப்படுத்த மாட்டம்." அதுதான் நியாயம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் இப்போது கண்ணில் படும்படி உன் படம் ஒன்றுகூட இல்லை. வெட்டிய இரண்டையும் அம்மா எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள், கேட்கத் துணிவில்லை.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது, இந்தக் கடிதத்தை நீ வாசித்து முடித்ததும் அந்தப் பிள்ளையின் கையில் கொடு. நீ வாசித்துக் காட்டாதே. தகப்பன் என்ற இரக்கத்தில் இரண்டு இடத்தை விட்டுவிடுவாய், அந்த வேலையை நான் செய்து பார்த்தவன். எனக்காக ஒரு வார்த்தையும் கதைக்காதே. உனக்கு என்மேல் கோபம் வந்தால் அதை எழுது, ஆனால் அம்மாவுக்கு எழுதுவதை நிறுத்தாதே, அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இனிமேல் உன் கடிதங்களைத் தேனுகா பெயருக்குப் போடு. அவள் கந்தோருக்குப் போய் எடுத்து வந்து, அவளே வாசிக்கட்டும். இது அம்மா சொன்னதல்ல, நானாகச் சொல்வது.

இன்னும் மூன்று மாதத்தில் உங்களுக்கு நத்தார் விடுமுறை வரும். முன்பெல்லாம் ஊர் சுற்றாமல் அறையில் இரு, தடிமன் பிடிக்கும் என்று எழுதி எழுதி உன்னைக் கரைச்சல் படுத்தினேன். இந்த முறை அப்படி எழுதவில்லை. போ மகனே. போன வருடம் பார்க்காத நகரங்களைப் போய்ப் பார், உறைந்த குளத்தில் மற்றவர்கள் நடக்கிற இடத்தில் மட்டும் நட, ஓரத்தில் பனி மெல்லிதாக இருக்கும் என்று நீயே எழுதியிருந்தாய். காலுக்கு இரண்டு சோடி சொக்ஸ் போடு. சிறுவயதில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியதை நினைத்து அம்மாவுக்கு இன்னும் பயம், கழுத்தை மூடாமல் வெளியே போகாதே. சறுக்குப் பலகையில் இருந்து விழுந்தால் விழு, எலும்பை முறிக்காதே. ஊருக்கு ஊர் என்ன கட்டியிருக்கிறார்கள், சனம் என்ன வாங்கித் தின்கிறது என்று போன முறை எழுதியதுபோலவே எழுது. உன்னோடு யார் வருகிறார்கள் என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

இவ்வளவு எழுதியும் அவளுடைய பெயரை நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை என்பதை இப்போது திரும்ப வாசிக்கும்போதுதான் காண்கிறேன். ஆகையால் இனி வருவது அவளுக்கு.

பிள்ளை கலிஸ்ரா, உம்முடைய படத்தை வெட்டியவனும் எரித்தவனும் நான்தான். உம்மில் ஏதும் குறை கண்டு செய்யவில்லை. நான் உம்மைப் பார்க்கவே இல்லை, எந்த ஊர், எந்தக் கோயில் என்று மட்டும் பார்த்தேன். உம்முடைய தாய் கொண்டுவந்த படங்களில்தான் உமது முகத்தை முதல்முதல் ஒழுங்காகப் பார்த்தேன். சிரிக்கும்போது தாயைப்போலவே இருக்கிறீர். நீர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்குக் காரணம் எழுதத் தேவையில்லை, காரணத்தை நானே மேலே எழுதிவிட்டேன். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் முதலில் உமது அம்மாவுக்கு எழுதும், என்னைவிட அவாதான் கூடுதலாகக் காத்திருக்கிறா. இருவரும் நோய்நொடி இல்லாமல், கை கால் சுகத்தோடு, நல்லாய் இருங்கள். கிருசாந்தனின் அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள், தேனுகா மூலமாக.

மாமா என்று கையெழுத்து வைக்க எனக்கு ஆசைதான். அதை நீர் தந்தால்தான் நான் வைக்கலாம். அதுவரைக்கும்,

கிருசாந்தனின் அப்பா,
க. மயில்வாகனம்